சோதனையில் ‘வெற்றி’... வெயிலில்? டாங்கி எதிர்ப்பு ஏவுகணையை ராணுவம் எவ்வளவு நம்பலாம்?

‘டாங்கி எதிர்ப்பு ஏவுகணை சோதனை வெற்றி’. சில மாதங்களுக்கு ஒருமுறை இப்படி ஒரு செய்தி மொபைலில் வந்துவிடுகிறது. கூடவே 20 விநாடி வீடியோ. புகை, ஒரு கோடு, ஒரு வெடிப்பு. ஷேர் பண்ணிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

2026 ஜனவரி 11-ம் தேதி அப்படி ஒரு சோதனை நடந்தது. வீரர்களே சுமந்து செல்லக்கூடிய உள்நாட்டு ஏவுகணையை, மகாராஷ்டிராவின் அஹில்யாநகரில் (பழைய பெயர் அகமதுநகர்) உள்ள கே.கே. சுடுதளத்தில் டி.ஆர்.டி.ஓ. சோதித்துப் பார்த்தது. நகர்ந்துகொண்டிருந்த இலக்கை அது மேலிருந்து பாய்ந்து தாக்கியது. அதற்கு முன்பு, 2025 மார்ச் 27-ல், ‘நாக்’ ஏவுகணையைச் சுமந்து செல்லும் சங்கிலிச் சக்கர வாகன அமைப்பை வாங்க ரூ.1,801.34 கோடிக்கு பாதுகாப்புத் துறை ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் கிடைத்த ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம் நிறுவனத்தின் தலைமையகம் நம்ம சென்னை ஆவடியில்தான் இருக்கிறது. 2025 நவம்பரில், அமெரிக்காவின் ‘ஜாவலின்’ ஏவுகணைகள் 100-ஐ இந்தியாவுக்கு விற்க அந்நாட்டு வெளியுறவுத் துறை ஒப்புதல் கொடுத்தது.

ஆக, ஒருபக்கம் நாமே செய்கிறோம், இன்னொரு பக்கம் வெளியிலிருந்தும் வாங்குகிறோம். கேள்வி ஒன்றுதான். சுடுதளத்தில் பட்டது, போர்க்களத்திலும் படுமா?

முதலில், இது எப்படி வேலை செய்கிறது?

1965 போரில், பஞ்சாபின் அசல் உத்தரில், ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பின்னுதைப்பு இல்லாத துப்பாக்கியை வைத்து பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை அடித்து நொறுக்கினார் அப்துல் ஹமீது. உயிர்த்தியாகம் செய்த அவருக்கு பரம்வீர் சக்ரா கிடைத்தது. அந்த ஆயுதத்தில் ஒரு சிக்கல் உண்டு. குண்டு புறப்பட்ட பிறகு அதைத் திருப்ப முடியாது. அதனால் டாங்கி கிட்டே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை சுட்டதும் பின்னால் கிளம்பும் புழுதி நம் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வழிகாட்டும் ஏவுகணை வந்தது இதைச் சரிசெய்யத்தான். பறக்கும்போதே திசை மாற்றலாம், தூரத்தில் இருந்தே அடிக்கலாம். இதில் மூன்று தலைமுறைகள் உண்டு.

முதல் தலைமுறை, சோவியத்தின் ‘மல்யுத்கா’ மாதிரி. நேட்டோ வைத்த பெயர் ‘சாகர்’. வீரர் கையில் ஜாய்ஸ்டிக் இருக்கும். ஏவுகணையையும் டாங்கியையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே, வீடியோ கேம் ஆடுவது போல ஓட்டிக்கொண்டு போய் மோதவிட வேண்டும். 3 கி.மீ. போய்ச் சேர அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதுவரை கை நடுங்கக் கூடாது.

இரண்டாம் தலைமுறை, இந்திய ராணுவம் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் ‘மிலன்’, ‘கொங்கூர்ஸ்’ வகை. இதில் ஏவுகணையை ஓட்ட வேண்டாம். குறிக்கண்ணாடியின் நடுப்புள்ளியை டாங்கி மேல் வைத்திருந்தால் போதும், ஏவுகணை கம்பி வழியாக உத்தரவு வாங்கிக்கொண்டு அங்கே போகும். ஆனால் போய்ச் சேரும்வரை புள்ளியை எடுக்கக் கூடாது. மிலன் 2 கி.மீ. பறக்கச் சுமார் 12 விநாடி. 12 விநாடிதானே என்று தோன்றலாம். எதிரி டாங்கியின் துப்பாக்கி உங்களை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கும்போது அது ரொம்ப நீளம்.

மூன்றாம் தலைமுறை, ‘நாக்’, ‘ஜாவலின்’ வகை. ஏவுகணையின் மூக்கிலேயே வெப்பத்தைப் பார்க்கும் கண் இருக்கிறது. அதற்கு ‘சீக்கர்’ என்று பெயர். ஏவுவதற்கு முன்பே டாங்கியின் வெப்பப் படத்தை அது பிடித்துக்கொள்ளும். சுட்டுவிட்டு வீரர் ஓடிவிடலாம். மிச்சத்தை ஏவுகணையே பார்த்துக்கொள்ளும். டாங்கியின் கூரைதான் கவசம் குறைந்த இடம் என்பதால், மேலே எழும்பி அங்கே பாயும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் வீரரின் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கியது. ஆனால் அந்தச் சுமை காணாமல் போகவில்லை, ஏவுகணைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முன்பு வீரரின் கை நடுங்கினால் குறி தப்பும். இப்போது ஏவுகணையின் கண் மங்கினால் தப்பும்.

1973 சொன்ன பாடம்

நம்பகத்தன்மை என்றால் ராணுவ வட்டாரத்தில் எல்லோரும் எடுக்கும் உதாரணம் 1973 அக்டோபர் போர். சூயஸ் கால்வாயைக் கடந்த எகிப்தியக் காலாட்படை, சாகர் ஏவுகணைகளையும் ஆர்.பி.ஜி.களையும் வைத்து முதல் சில நாட்களில் இஸ்ரேல் டாங்கிகளைத் திணறடித்தது. டாங்கிகளின் காலம் முடிந்துவிட்டது என்றே அப்போது பலர் எழுதினார்கள்.

முடியவில்லை. சில நாட்களிலேயே இஸ்ரேல் படை பழகிக்கொண்டது. புகையோடு ஏதோ பறந்து வருவது தெரிந்ததும், அது கிளம்பிய இடத்தை நோக்கி எல்லாத் துப்பாக்கிகளையும் திருப்பிச் சுட்டார்கள். டாங்கிகள் நேராக ஓடாமல் சட்டென்று பக்கவாட்டில் திரும்பின. காலாட்படையும் பீரங்கிப்படையும் டாங்கிகளோடு சேர்ந்தே போக ஆரம்பித்தன. ஏவுகணையில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அதே ஏவுகணை, அதே வீரர், ஆனால் குறி தப்பத் தொடங்கியது.

அதாவது, ‘இந்த ஏவுகணை இத்தனை சதவீதம் துல்லியம்’ என்று ஒற்றை எண்ணைச் சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. யாருக்கு எதிராக, எந்த நிலத்தில், எந்த நேரத்தில், போரின் எத்தனையாவது நாளில் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறிக்கொண்டே இருக்கும்.

நாக்: வெயிலில் மங்கிய கண்

இந்தியாவுக்குச் சொந்தமான உதாரணம் நாக். 1983-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த வழிகாட்டு ஏவுகணைத் திட்டத்தில் ஐந்து ஏவுகணைகள். பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக். திட்டத்தை வழிநடத்தியவர் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம். அக்னியும் பிருத்வியும் எப்போதோ ராணுவத்துக்குள் போய்விட்டன. ஐந்தில் சின்ன ஏவுகணையான நாக்கின் கடைசிப் பயனர் சோதனை முடிந்தது 2020 அக்டோபர் 22-ல். 37 வருடம்.

ஏன் இவ்வளவு தாமதம்? பணம், நிர்வாகம், தொழில்நுட்பத் தடை, ராணுவம் இடையில் கேட்ட மாற்றங்கள் என்று காரணங்கள் நிறைய. ஆனால் தொழில்நுட்பத்தில் எல்லாவற்றையும்விடப் பிடிவாதமாக நின்ற எதிரி, ராஜஸ்தான் வெயில்.

நாக் 42 கிலோ எடை. 500 மீட்டரிலிருந்து 4 கி.மீ. வரை அடிக்க வேண்டும். 4 கி.மீ. தள்ளி நிற்கும் ஒரு டாங்கி எவ்வளவு பெரிதாகத் தெரியும் தெரியுமா? கையை நன்றாக நீட்டி, விரல் நுனியில் ஒரு கடுகைப் பிடித்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதுவும் டாங்கி பக்கவாட்டில் நின்றால். நேருக்கு நேர் நின்றால் அரைக் கடுகு. அந்தக் கடுகின் வெப்பத்தை, சுற்றியுள்ள மணலின் வெப்பத்திலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரச்சனை இங்கேதான். இதைப் புரிந்துகொள்ள பொக்ரான் வரை போக வேண்டாம், ஜவ்வாது மலை ஏறினால் போதும். அங்கே காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் இருக்கிறது. 1986-ல் செயல்பாட்டுக்கு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் உள்ளது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977 மார்ச் 10-ல் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. அவ்வளவு திறமையான தொலைநோக்கிகள், பகலில் மூடிக்கிடக்கும். நட்சத்திரம் பகலில் எங்கேயும் போய்விடுவதில்லை. அதே இடத்தில், அதே வெளிச்சத்தோடுதான் இருக்கிறது. சுற்றியுள்ள வானம் பிரகாசமாகிவிடுகிறது, அவ்வளவுதான். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பொருளுக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் இல்லையென்றால் எதுவும் தெரியாது.

சீக்கருக்கும் இதே கதைதான். குளிர்கால இரவில், எஞ்சின் ஓடும் டாங்கி ஒரு தீப்பந்தம் மாதிரி தெரியும். மே மாத மதியத்தில் மணலும் பாறையும் கொதிக்கும், டாங்கியின் இரும்பும் கொதிக்கும். இரண்டுக்கும் நடுவே வெப்ப வித்தியாசம் சுருங்கிவிடும். ஜவ்வாது மலைப் பாறையில் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயில் இறங்கிய பிறகும் பாறை சுடும், பக்கத்துப் புல் அதற்குள் குளிர்ந்திருக்கும். பாறையும் புல்லும் மணலும் இரும்பும் வேறு வேறு வேகத்தில் சூடாகி, வேறு வேறு வேகத்தில் ஆறுகின்றன. அதனால் ஒரு நாளில் சில நேரங்களில், பெரும்பாலும் காலையிலும் மாலையிலும், இலக்கின் வெப்பமும் பின்னணியின் வெப்பமும் ஒன்றாகிவிடும் தருணம் வரும். அந்த நேரத்தில் வெப்பக் கண்ணுக்கு டாங்கி கிட்டத்தட்ட மறைந்துபோகும்.

2010-களின் தொடக்கத்தில் நடந்த கோடைச் சோதனைகளில் நாக் திணறியது இதனால்தான். கிட்டத்து இலக்குகளை அடித்தது. உச்சி வெயிலில் முழுத் தூரத்துக்குப் போகும்போது இலக்கைப் பிடிக்கத் தடுமாறியது. ராணுவம் ஏற்றுக்கொள்ள மறுத்தது. ஹைதராபாத் ஆய்வகங்களில் இன்னும் நுட்பமான சீக்கரை உருவாக்கினார்கள். 2019 ஜூலையில் பொக்ரானில் பகல், இரவு இரண்டிலும் சுட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருடம் உண்மையான வெடிபொருளோடு கடைசிச் சோதனை.

(இடையில் ஒரு சின்ன விஷயம். நாக் என்றால் நாகப்பாம்பு. வெப்பத்தைப் ‘பார்க்கும்’ பாம்புகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் நாகம் அந்தக் கூட்டத்தில் இல்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பம் உணரும் குழி இருப்பது குழிவிரியன் வகைகளுக்குத்தான். கிழக்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மூங்கில் குழிவிரியன் இருட்டில் எலியைப் பிடிப்பதற்கு அந்தக் குழியும் உதவுகிறது. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் மாற்றி யோசித்திருக்கலாம்.)

ராணுவம் மறுத்ததைச் சிலர் ‘உள்நாட்டுத் தயாரிப்பை மதிக்கவில்லை’ என்று விமர்சித்தார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது அந்த விமர்சனம் நியாயமில்லை. பாலைவனத்தில் டாங்கிப் போர் வந்தால், ‘மதியம் 12-லிருந்து 3 வரை வேண்டாம்’ என்று எதிரியிடம் சொல்ல முடியாது. ஆனால் காத்திருந்த காலத்துக்கும் ஒரு விலை இருந்தது. அந்த வருடங்கள் முழுக்க எல்லையில் நின்ற வீரரின் கையில் இருந்தது இரண்டாம் தலைமுறை ஏவுகணைதான். இடையில் 2014-ல் இஸ்ரேலின் ‘ஸ்பைக்’ ஏவுகணைகளை ஆயிரக்கணக்கில் வாங்க முடிவெடுத்து, பிறகு அந்தப் பெரிய ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 2019-ல் அவசரத் தேவைக்கென்று கொஞ்சம் மட்டும் வாங்கினார்கள்.

‘மூன்றுக்கு மூன்று’ என்றால் என்ன அர்த்தம்?

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான்.

2025 ஜனவரியில் நாக் மார்க்-2 ஏவுகணை பொக்ரானில் மூன்று முறை சோதிக்கப்பட்டது. மூன்றிலும் இலக்கு தகர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் இதை வைத்து ‘100 சதவீதம் துல்லியம்’ என்று போஸ்டர் போடலாமா?

சும்மா ஒரு கற்பனைக்கு, 10 முறை சுட்டால் 6 முறை மட்டுமே படும் ஒரு சுமாரான ஏவுகணையை எடுத்துக்கொள்வோம். அது தொடர்ந்து மூன்று முறை படுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.216. அதாவது சுமார் 22 சதவீதம். ஐந்தில் ஒரு முறை, சுமாரான ஏவுகணைகூட ‘மூன்றுக்கு மூன்று’ வாங்கிவிடும். நாக் மார்க்-2 சுமார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூன்று என்ற எண்ணிக்கை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போதாது என்றுதான் அர்த்தம்.

சரி, எத்தனை சுட்டால் போதும்? ‘இந்த ஏவுகணை குறைந்தது 90 சதவீதம் படும்’ என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால், ஒன்றுகூடத் தவறாமல் 22 ஏவுகணைகள் பட வேண்டும். ஒன்று தவறினால் எண்ணிக்கை இன்னும் ஏறும். அதுவும் ஒரே மாதிரியான நிலைமைக்கு மட்டும். கோடை மதியத்துக்கு 22, லடாக் பனிக்கு 22, புழுதிக்காற்றுக்கு 22 என்று தனித்தனியாகச் சுட்டுக்கொண்டிருக்க எந்த நாட்டிடமும் காசு இல்லை. 2021 மார்ச்சில் பாரத் டைனமிக்ஸ் நிறுவனத்திடம் 4,960 மிலன்-2டி ஏவுகணைகளை ரூ.1,188 கோடிக்கு ராணுவம் ஆர்டர் செய்தது. வகுத்துப் பாருங்கள், ஒன்று சுமார் ரூ.24 லட்சம். 22 ஏவுகணை என்றால் ஐந்து கோடிக்கு மேல். இது பழைய தலைமுறை ஏவுகணையின் விலை.

அதனால்தான் எல்லா நாடுகளும் ஆய்வகச் சோதனை, கணினி மாதிரி, சீக்கரை மட்டும் விமானத்தில் கட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பது என்று பல வழிகளில் நம்பிக்கையைச் சேர்க்கின்றன. கடைசியில் நடக்கும் சில நேரடிச் சோதனைகள்தான் நமக்கு வீடியோவாக வருகின்றன.

வீடியோவில் தெரியாத இன்னொன்று, இலக்கு. ஜனவரி 11 சோதனையில் டாங்கியாக நின்றது உண்மையான டாங்கி இல்லை. ஜோத்பூர் பாதுகாப்பு ஆய்வகம் தயாரித்த, டாங்கி மாதிரி வெப்பத்தை வெளியிடும் செயற்கை இலக்கு. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது, உலகம் முழுக்க நடைமுறை இதுதான். ஆனால் அந்த இலக்கு புகைக்குண்டு போடாது. வலைபோட்டு மூடிக்கொள்ளாது. திருப்பிச் சுடாது.

பட்டால் மட்டும் போதுமா?

ஒரு ஏவுகணை வேலை செய்தது என்று சொல்ல எத்தனை விஷயங்கள் சரியாக நடக்க வேண்டும்? வீரருக்கு டாங்கி தெரிய வேண்டும். பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். மோட்டார் பற்ற வேண்டும். வழிகாட்டி கடைசிவரை பிடித்திருக்க வேண்டும். வெடித்து, கவசத்தைத் துளைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் 95 சதவீதம் சரியாக நடக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தையும் பெருக்கினால் 77 சதவீதம்தான் வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ‘டிஸ்டிங்ஷன்’. சேர்த்துப் பார்த்தால், நான்கில் ஒன்று கிட்டத்தட்ட வீண்.

கடைசிக் கட்டமான கவசத்தைத் துளைப்பது தனிக் கதை. டாங்கிகள் இப்போது மேலே வெடிக்கும் செங்கற்களைக் கட்டிக்கொண்டு வருகின்றன. ஏவுகணை பட்டதும் அந்தச் செங்கல் வெளிப்பக்கமாக வெடித்து அதன் வேகத்தைச் சிதறடிக்கும். அதற்குப் பதிலாக நாக்கில் இரட்டை வெடிமுனை. முன்னால் உள்ள சின்னது செங்கல்லை வெடிக்கவைக்கும், பின்னால் உள்ள பெரியது கவசத்தைத் துளைக்கும். 2006 லெபனான் போரில் ஹிஸ்புல்லாவின் கையில் ரஷ்யாவின் ‘கோர்னெட்’ உட்பட நல்ல ஏவுகணைகள் இருந்தன. இஸ்ரேலின் மெர்காவா டாங்கிகள் பலவற்றில் அவை பட்டன. ஆனால் பட்ட டாங்கிகளில் கணிசமானவற்றின் கவசம் துளைபடவில்லை. அதற்குப் பிறகும் இஸ்ரேல் சும்மா இருக்கவில்லை. வரும் ஏவுகணையை ரேடாரில் பார்த்து நடுவழியிலேயே அடிக்கும் ‘ட்ராஃபி’ அமைப்பை டாங்கிகளில் பொருத்தியது. 2011 மார்ச்சில் காசா எல்லையில் அது முதல்முறையாக ஒரு தாக்குதலைத் தடுத்தது.

உக்ரைனில் 2022-ல் ஜாவலினும் பிரிட்டன் கொடுத்த என்-லாவும் ரஷ்ய டாங்கி அணிகளைச் சாலையிலேயே நிறுத்தியதைப் பார்த்தோம். அமெரிக்கா மட்டும் அந்த வருடம் 8,500-க்கு மேல் ஜாவலின்களைக் கொடுத்தது. அங்கிருந்து நமக்கு வந்த வீடியோக்கள் எல்லாமே ‘பட்ட’ வீடியோக்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குறி தப்பியதை யாரும் எடிட் பண்ணி, பின்னணி இசை போட்டு அப்லோட் பண்ணுவதில்லை. போர் நீளநீள, டாங்கி வேட்டையில் பெரும்பங்கை விலை குறைந்த எஃப்.பி.வி. ட்ரோன்கள் எடுத்துக்கொண்டன. டாங்கிகளின் மேல் இரும்புக் கூண்டுகள் முளைத்தன. 1973-ல் நடந்த அதே பழகிக்கொள்ளும் கதை, வேறு உருவத்தில்.

ஏவுகணையைத் தூக்கும் கை

ஜவ்வாது மலையின் அடிவாரப் பக்கம், வேலூர் மாவட்டம் கணியம்பாடி அருகே கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் என்று சொல்லும் அளவுக்கு ஆட்களை அனுப்பிய ஊர் என்பதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே அதற்குப் பெயர் உண்டு. வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் பக்கம் இப்படிப் படைக்கு ஆள் அனுப்பும் குடும்பங்கள் நிறைய. இந்த ஏவுகணை விவகாரம் அவர்களுக்கு டிவி விவாதம் இல்லை. ராஜஸ்தானிலோ லடாக்கிலோ அந்தக் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது அவர்கள் வீட்டுப் பையன்.

அந்தப் பையன் எத்தனை உண்மையான ஏவுகணை சுட்டுப் பழகியிருப்பான்? ஒன்று 24 லட்சம் என்றால் பதிலை நீங்களே ஊகிக்கலாம். பெரும்பாலான பயிற்சி சிமுலேட்டரில்தான். சிமுலேட்டர் நல்ல ஆசிரியர், மறுக்க முடியாது. சாகர் சுட்ட எகிப்திய வீரர்களும் சிமுலேட்டரில் மாதக்கணக்கில் பழகியவர்கள்தான். ஆனால் சிமுலேட்டரில் வியர்வை கண்ணில் வழியாது. குண்டு காதருகே போகாது. மூன்றாம் தலைமுறைக்கு ராணுவங்கள் ஆசைப்படுவதன் உண்மையான காரணம் இதுதான். துல்லியம் கூடுகிறது என்பதைவிட, 12 விநாடி தலையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டிய கட்டாயம் போகிறது. சுட்டவர் உயிரோடு திரும்புகிறார்.

அதற்காக மூன்றாம் தலைமுறை தொல்லை இல்லாதது என்று நினைத்துவிட வேண்டாம். ஜாவலினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சீக்கரைக் குளிர்வித்து மின்சாரம் கொடுக்க ஒரு பேட்டரி அலகு இருக்கிறது. முடுக்கிவிட்டால் சுமார் 4 நிமிடம்தான் உயிர். டாங்கி வருகிறது என்று நினைத்து முடுக்கி, அது மரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால், அந்த பேட்டரி வீண். கையில் மாற்று இருக்க வேண்டும். குறிபார்க்கும் கருவிக்குத் தனி பேட்டரி, அதையும் சார்ஜ் பண்ண வேண்டும். 2022-ல் உக்ரைன் பனியில் இது சின்னப் பிரச்சனையாக இருக்கவில்லை.

இரண்டாம் தலைமுறைக்கு வேறு தொல்லை. பின்னால் இழுபட்டுக்கொண்டே போகும் மெல்லிய கம்பி மரக்கிளையிலோ மின்கம்பியிலோ சிக்கினால் கதை முடிந்தது. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணமும் உண்டு. வெப்பம் இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. மனிதக் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். அதனால்தான் பதுங்கு குழி, மணல்மூட்டைச் சுவர் மாதிரி வெப்பமே இல்லாத இலக்குகளை அடிக்க மிலன் வகைகள் இன்றும் கைகொடுக்கின்றன. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் வீரர்கள் மிலனை அர்ஜென்டினாவின் பதுங்கு குழிகள் மேல்தான் சுட்டார்கள். நம் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் டாங்கியைவிட பதுங்கு குழிகளைத்தான் பார்த்திருக்கின்றன. பழசு என்று தூக்கிப்போடாமல் 2021-ல் மீண்டும் ஆர்டர் கொடுத்ததில் இந்த நியாயமும் இருக்கிறது.

அடுத்து என்ன?

ஆவடியிலேயே இயங்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் எல் அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த ‘ஜோராவர்’ இலகுரக டாங்கி, 2025 அக்டோபரில் நாக் மார்க்-2 ஏவுகணையைச் சுட்டுக் காட்டியது. சீன எல்லையில் மலை உயரத்துக்காக உருவான டாங்கி இது. பாலைவன வெயிலில் தேறிய கண், மெல்லிய காற்றிலும் உறைபனியிலும் தேற வேண்டும். ஹெலிகாப்டரிலிருந்து ஏவும் ‘ஹெலினா’வை 2022 ஏப்ரலில் உயரமான மலைப்பகுதியிலும் சுட்டுப் பார்த்தது இதனால்தான்.

அடுத்த முறை ‘சோதனை வெற்றி’ என்ற செய்தி வரும்போது மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். எந்த மாதம், என்ன நேரம் என்று சொல்லியிருக்கிறார்களா? எத்தனை சுட்டார்கள், எத்தனை பட்டன? சுட்டது விஞ்ஞானிகள் குழுவா, படைப்பிரிவு வீரர்களா? ஜனவரி மாதச் சோதனைக்கும் மே மாதச் சோதனைக்கும் உள்ள தூரம்தான், நாக் ஏவுகணையைப் பல வருடங்கள் காத்திருக்க வைத்தது. வீரர்கள் சுமந்து செல்லும் புதிய ஏவுகணை ஜனவரியில் தேறியிருக்கிறது. அது கோடை மதியத்தில் முழுத் தூரத்துக்கு எத்தனை முறை சுடப்பட்டது என்ற எண் வெளியே வந்தால், ஷேர் பண்ண வேண்டிய செய்தி அதுதான்.